உப்பு குறைந்ததா, தண்ணீர் கூடியதா?

வீட்டில் பெரியவர் ஒருவர் இரண்டு மூன்று நாட்களாக ஒரு மாதிரியாக இருக்கிறார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வருவதில்லை. நடந்தால் கால் தடுமாறுகிறது. சோற்றைக் கண்டால் குமட்டுகிறது. வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று முதலில் விட்டுவிடுகிறோம். பிறகு பயம் வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறோம். அங்கே இரத்தத்தைச் சோதித்துவிட்டு, “உடம்பில் உப்பு குறைந்துவிட்டது” என்று சொல்லுகிறார்கள்.

அதைக் கேட்டதும் நாம் என்ன செய்வோம்? வீட்டுக்கு வந்ததும் கஞ்சியில் இன்னும் ஒரு பிடி உப்பு! கூடவே, “உடம்பு காய்ந்து போயிருக்கிறது, நிறையத் தண்ணீர் குடியுங்கள்” என்று பெரிய குவளையாக நீட்டுவோம். அன்பினால் செய்கிற காரியம்தான். ஆனால், வாசகர்களே, சில நோயாளிகளுக்கு அந்தக் குவளைத் தண்ணீரே ஆபத்தாகிவிடும் என்றால் நம்புவீர்களா?

நம்பத்தான் வேண்டும். இரத்தத்தில் உப்பின் அளவு குறைவாகத் தெரிவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் முக்கியமான ஒன்றில் உப்பு உண்மையில் குறைவதே இல்லை, தண்ணீர்தான் கூடிவிடுகிறது. டாக்டர்கள் அதை எஸ்.ஐ.ஏ.டி.எச். என்று சுருக்கமாகச் சொல்லுவார்கள். தண்ணீரைக் காக்கும் ஹார்மோன், வேண்டாத நேரத்தில் வேலை செய்வது என்று அதற்குப் பொருள். இந்த ஒரே பெயருக்குள் நான்கைந்து வகைக் கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. எந்த வகை என்று தெரிந்தால் நோயாளியை எப்படிக் கவனிப்பது என்பதும் மாறும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஆபீஸும் மடையும்

முதலில் நம் சிறுநீரகம் செய்யும் வேலையைத் தெரிந்துகொள்வோம். ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை அது வடிகட்டுகிறது. அவ்வளவும் வெளியே போனால் மனிதன் பிழைக்க முடியுமா? அதனால் ஏறக்குறைய எல்லா நீரையும் திரும்ப இரத்தத்துக்கே அனுப்பிவிட்டு, ஒன்றரை, இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகிறது.

கடைசிக் கட்டத்தில் எவ்வளவு நீரைத் திருப்புவது, எவ்வளவு வெளியே விடுவது என்று முடிவு செய்வது சிறுநீரகம் அல்ல; மூளை. தோட்டத்து ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸில் கிராணியார் உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் ஓர் அளவுகோல். இரத்தம் உப்புக் கரித்து அடர்த்தியானால், “மடையைத் திற, தண்ணீரை உள்ளே திருப்பு” என்று சீட்டு எழுதி அனுப்புகிறார். அந்தச் சீட்டுதான் ஏ.டி.எச். என்ற ஹார்மோன், வாஸோப்பிரஸின் என்றும் அதற்குப் பெயர். சீட்டு வந்ததும் சிறுநீரகத்தில் உள்ள மடை திறக்கிறது. நீர் இரத்தத்துக்குத் திரும்புகிறது. இரத்தம் நீர்த்துப் போனால் கிராணியார் சீட்டு எழுதுவதை நிறுத்திவிடுகிறார், மடை மூடிக்கொள்கிறது, மிச்சத் தண்ணீர் சிறுநீராக வெளியே ஓடிவிடுகிறது.

கிராணியார் கெட்டிக்காரர். இரத்தத்தின் அடர்த்தி நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு மாறினாலே கண்டுபிடித்துவிடுவார். அதனால்தான் நல்ல உடல்நிலையில் உள்ள நீங்கள் இரண்டு கிளாஸ் தே ஓ கூடுதலாகக் குடித்தாலும் இரத்தத்தில் சோடியம் என்ற உப்புச் சத்து ஒரு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் என்ற கணக்கில் நிலையாக நிற்கிறது.

இரத்தம் நீர்த்துப் போயிருக்கிறது. சீட்டு நிற்க வேண்டிய நேரம். ஆனாலும் மடை திறந்தே கிடக்கிறது. குடிக்கிற தண்ணீரெல்லாம் உள்ளேயே தங்குகிறது. பானையில் ரசம் வைத்து அதில் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றினால் உப்புச் சப்பென்று போகிறதல்லவா? பானையில் போட்ட உப்பு எங்கும் போகவில்லை, தண்ணீர்தான் கூடிவிட்டது. எஸ்.ஐ.ஏ.டி.எச். நோயாளியின் இரத்தமும் அந்த ரசம் போலத்தான்.

இரண்டு நோயாளிகளில் தொடங்கிய கதை

இந்த நோயை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்கள் வில்லியம் ஷ்வார்ட்ஸ், பிரெடரிக் பார்ட்டர் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்களும் அவர்களுடன் உழைத்தவர்களும். இவர்களில் பார்ட்டர் பிறந்தது நம் வட்டாரத்தில் உள்ள மணிலா நகரில். 1957-ஆம் ஆண்டு அவர்கள் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். இருவருக்கும் நுரையீரலில் புற்றுநோய். இருவருக்கும் இரத்தத்தில் சோடியம் மிகவும் குறைந்திருந்தது. ஆனால் சிறுநீரிலோ உப்பு தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. உடம்பில் உப்புக்குப் பஞ்சம் என்றால் சிறுநீரகம் அதை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டாமா? ஏன் வெளியே விடுகிறது?

அதற்கு முன்பே, 1953-ல், பார்ட்டர் கலந்துகொண்ட ஓர் ஆராய்ச்சியில், ஏ.டி.எச். மருந்தைக் கொடுத்துத் தண்ணீரும் குடிக்க வைத்தால் உடம்பில் நீர் தேங்கி, அதன் விளைவாக உப்பு சிறுநீரில் வெளியேறும் என்று தெரிந்திருந்தது. அந்த அனுபவத்தை வைத்துத்தான், ‘இந்த நோயாளிகளிடமும் ஏ.டி.எச். வேண்டாத நேரத்தில் சுரக்கிறது’ என்று அவர்கள் ஊகித்தார்கள். ஊகித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால், இரத்தத்தில் இவ்வளவு சிறிய அளவில் இருக்கும் ஹார்மோனைத் துல்லியமாக அளக்க அன்று வழி இல்லை.

வழி பிறகு வந்தது. ரோசலின் யாலோ என்ற பெண்மணியும் சாலமன் பெர்சனும் சேர்ந்து, ஹார்மோன்களை மிக நுணுக்கமாக அளக்கும் கதிரியக்க முறையைக் கண்டுபிடித்தார்கள். அதற்காக 1977-ல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அந்த முறையை ஏ.டி.எச். ஹார்மோனை அளக்கப் பயன்படுத்தி 1973-ல் வெற்றி கண்டவர்களில் முக்கியமானவர் கேரி ராபர்ட்சன். அவரும் அவருடைய நண்பர்களும் எஸ்.ஐ.ஏ.டி.எச். நோயாளிகளின் இரத்தக் குழாயில் அடர்த்தியான உப்பு நீரை மெதுவாக ஏற்றி, இரத்தம் அடர்த்தியாக ஆக ஹார்மோன் எப்படி மாறுகிறது என்று படிப்படியாக அளந்தார்கள். எல்லோரிடமும் ஒரே மாதிரி விடை வரும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அதுதான் இல்லை! 1980-ல் அவர்கள் வெளியிட்ட முடிவில் நான்கு விதமான விடைகள் இருந்தன.

நான்கு வகைக் கோளாறு

இந்த வகைகளுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்துப் பெயர் உண்டு. ஆனால் ஒரு புத்தகத்தில் ‘பி’ என்று இருப்பது இன்னொரு புத்தகத்தில் ‘சி’ என்று இருக்கிறது. ஆகவே எழுத்துகளை விட்டுவிட்டு, நம் கிராணியாரைக் கொண்டே அடையாளம் வைத்துக்கொள்வோம்.

முதல் வகை: மனம் போனபடி சீட்டு. இங்கே அளவுகோலை யாரும் பார்ப்பதே இல்லை. இரத்தம் நீர்த்திருந்தாலும் அடர்த்தியாக இருந்தாலும் ஹார்மோன் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்குகிறது. ஆபீஸுக்கு வெளியே உட்கார்ந்து கள்ளச் சீட்டு எழுதுகிறவர்களும் உண்டு. நுரையீரலில் வரும் சிறுசெல் புற்றுநோய் என்ற வகை, இந்த ஹார்மோனைத் தானே தயாரித்து இரத்தத்தில் கலக்கக் கூடியது. ஆனால் இந்த வகை வந்தாலே புற்றுநோய் என்று பயந்துவிட வேண்டாம். மற்ற காரணங்களாலும் இது வரும்.

இரண்டாம் வகை: ஒழுகும் குழாய். கிராணியார் ஒழுங்காகத்தான் இருக்கிறார். இரத்தம் அடர்த்தியானால் ஹார்மோன் முறையாகக் கூடுகிறது. ஆனால் நிறுத்த வேண்டிய நேரத்தில் முழுவதும் நிற்பதில்லை. இறுக்கி மூடினாலும் சொட்டுச் சொட்டாக ஒழுகும் பைப்பைப் போல, கொஞ்சம் ஹார்மோன் கசிந்துகொண்டே இருக்கிறது. குறைவாகத் தண்ணீர் குடிக்கும்போது ஒன்றும் தெரியாது. அதிகமாகக் குடித்தால்தான் வினை.

மூன்றாம் வகை: கோடு மாறிய அளவுகோல். இதுதான் மிகவும் சுவாரஸ்யமானது. கிராணியார் நேர்மையானவர், சீட்டும் சரியாக எழுதுகிறார், சரியாக நிறுத்துகிறார். ஆனால் அவர் கையில் இருக்கும் அளவுகோலில் கோடு கீழே இறங்கிவிட்டது. 140-ல் நிற்க வேண்டிய சோடியத்தை 128-ல் நிறுத்தி, அதையே சரியான அளவு என்று எண்ணிக் காவல் காக்கிறார். அந்தக் கோட்டுக்குக் கீழே இரத்தம் நீர்த்தால் உடனே சீட்டு நின்றுவிடும். மிச்சத் தண்ணீர் வெளியே போய்விடும். எனவே சோடியம் குறைவாக இருக்கும், ஆனால் மேலும் மேலும் சரியாது. காசநோய், நாள்பட்ட உடல் மெலிவு போன்றவற்றில் இது காணப்படுகிறது. கர்ப்பிணிப் பெண்களுக்கோ இயற்கையே இந்தக் கோட்டைச் சற்றுக் கீழே இறக்கி வைக்கிறது; அவர்களுக்குச் சோடியம் நாலைந்து மில்லிமோல் குறைந்திருப்பது நோயே அல்ல.

நான்காம் வகை: சீட்டே இல்லை, மடை மட்டும் திறந்திருக்கிறது. இரத்தத்தில் ஹார்மோனைத் தேடினால் அகப்படவில்லை. ஆனாலும் சிறுநீரகம் தண்ணீரைத் திருப்பிக்கொண்டே இருக்கிறது. இது எப்படி என்று பல ஆண்டுகள் புரியாமலே இருந்தது. 2005-ஆம் ஆண்டில்தான் ஒரு விடை கிடைத்தது. அமெரிக்காவில் இரண்டு ஆண் குழந்தைகளைச் சோதித்த டாக்டர்கள், சிறுநீரகத்தில் சீட்டை வாங்கும் பூட்டிலேயே பிறவிக் கோளாறு இருப்பதைக் கண்டார்கள். சாவி போடாமலே பூட்டு திறந்துகொண்டு நின்றது! தாயிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணு மாற்றம் அது. இந்த வகையில் ஹார்மோன் சுரப்பே இல்லையாதலால், ‘ஹார்மோன் சுரப்பு’ என்ற சொல்லை நோயின் பெயரிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்று சில நிபுணர்கள் சொல்லுகிறார்கள்.

கதை அதோடு முடியவில்லை. ஹார்மோனோடு சேர்ந்து வெளிவரும் கோபெப்டின் என்ற பொருளை அளப்பது எளிது என்று தெரிந்த பிறகு, ஐரோப்பிய டாக்டர்கள் அதே உப்பு நீர்ச் சோதனையை மீண்டும் செய்து 2014-ல் ஐந்தாவது வகை ஒன்றையும் சொன்னார்கள். அதில் இரத்தம் அடர்த்தியாக ஆக, சீட்டு கூடுவதற்குப் பதில் குறைகிறது. தலைகீழ்க் கணக்கு! இரத்தத்தின் அளவையும் அழுத்தத்தையும் கவனிக்கும் நரம்புகளில் உள்ள கோளாறு இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

வகை தெரிந்து என்ன லாபம்?

“டாக்டர்கள் ஆராய்ச்சி செய்கிறார்கள், அதனால் நமக்கு என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

முதல் இரண்டு வகைகளிலும் பெரும்பாலும் முதல் வைத்தியம், குடிக்கும் நீரைக் குறைப்பதுதான். எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லுவார். தண்ணீர் மட்டுமல்ல, காப்பி, மைலோ, சூப், ரசம், கஞ்சித் தண்ணீர் எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். சிறுநீர் மிகவும் அடர்த்தியாக உள்ளவர்களுக்கு இது மட்டும் போதாது, மருந்தும் தேவைப்படும்.

மூன்றாம் வகையில் நீரைக் குறைத்துப் பயன் இல்லை. நோயாளியை வீணாகத் தாகத்தில் வாட்டுவதுதான் மிச்சம். அடியில் உள்ள நோயை, உதாரணமாகக் காசநோயை, கவனித்தால் கோடும் தன்னால் மேலே ஏறக் கூடும். நான்காம் வகையிலோ, ஹார்மோனை எதிர்த்து வேலை செய்யும் விலை உயர்ந்த மாத்திரைகள் பலன் தராமல் போகலாம். பூட்டே கெட்டிருக்கும்போது சாவியைத் தடுத்து என்ன செய்வது?

சாதாரண ஆஸ்பத்திரிகளில் இந்த ஹார்மோன் சோதனையை எல்லோருக்கும் செய்வதில்லை. நோயின் காரணத்தை வைத்து மட்டும் வகையைச் சொல்லிவிடவும் முடியாது. பின் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? இரத்தத்தையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் சோதிப்பார்கள். தைராய்டு, அட்ரினல் சுரப்பிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ‘தயசைட்’ இனத்தைச் சேர்ந்த தண்ணீர் மாத்திரை சாப்பிடுகிறவரா என்று விசாரிப்பார்கள். பிரஷருக்குக் கொடுக்கப்படும் அந்த மாத்திரையும் சோடியத்தைக் குறைக்கும். அளவுகோல் மாறிய வகை என்று சந்தேகம் வந்தால், கணக்கான தண்ணீரைக் கொடுத்து நான்கு மணி நேரத்தில் எவ்வளவு வெளியேறுகிறது என்று சில சமயம் பார்ப்பார்கள். இது டாக்டர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய சோதனை. வீட்டில் யாரும் முயன்று பார்க்கக் கூடாது.

ஆனால் நீங்கள் செய்யக் கூடிய ஓர் உதவி இருக்கிறது. பழைய இரத்தச் சோதனைத் தாள்களைத் தூக்கி எறியாதீர்கள்! மூன்று ஆண்டுகளாகச் சோடியம் 129, 128, 130 என்று அசையாமல் நிற்கிறதா? அல்லது போன மாதம் 138 இருந்து இந்த வாரம் 122-க்குச் சரிந்துவிட்டதா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதலாவது, கோடு மாறிய அளவுகோலாக இருக்கலாம், நிதானமாக ஆராயலாம். இரண்டாவது அவசரம். புதிய டாக்டருக்கு இந்த உண்மையைச் சொல்லக் கூடியது உங்கள் வீட்டு அலமாரியில் உள்ள அந்தப் பழைய தாள்தான்.

எதனால் வருகிறது?

காரணங்களை ஐந்து குடும்பங்களாகப் பிரிக்கலாம். ஒன்று, புற்றுநோய், முக்கியமாக நுரையீரலில் வருவது. இரண்டு, நிமோனியா, காசநோய் போன்ற மார்பு நோய்கள். நம் நாட்டில் காசநோய் இன்னும் ஒழியவில்லை என்பதை மறக்கக் கூடாது. மூன்று, மூளையைத் தாக்கும் நோய்கள்: பக்கவாதம், மூளைக் காய்ச்சல், தலையில் அடி, மூளையில் இரத்தக் கசிவு. நான்கு, மருந்துகள்: மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாஸெபின், புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின், சைக்ளோபாஸ்பமைட் முதலியவை. ஐந்து, ஆபரேஷனுக்குப் பிறகு வரும் கடும் வலியும் குமட்டலும்.

மருந்துப் பட்டியலைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமே நிறுத்திவிட வேண்டாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வந்துவிடும். மாத்திரை உறைகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள், அது போதும்.

அவசரமும் வேண்டும், நிதானமும் வேண்டும்

இரத்தம் நீர்த்தால் மூளை வீங்குகிறது. தலைவலி, குமட்டல், தடுமாற்றம், குழப்பம், தூங்கிக்கொண்டே இருப்பது என்று ஆரம்பித்து, வலிப்பு, நினைவிழப்பு வரை போகும். வலிப்போ நினைவிழப்போ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். அங்கே அடர்த்தியான உப்பு நீரை அளவோடு ஏற்றுவார்கள். சாதாரண டிரிப்ஸ் போதாது. சில சமயம் அது நிலைமையை மோசமாக்கும். டிரிப்ஸில் உள்ள உப்பைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிட்டு, தண்ணீரை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளும்!

“உப்பு ஏற்றினால் சரியாகிவிடும் என்றால் ஒரே நாளில் ஏற்றிவிட வேண்டியதுதானே? ஏன் இத்தனை நாள் படுக்க வைக்கிறார்கள்?” என்று வார்டில் உறவினர்கள் கோபப்படுவதுண்டு. அதற்கும் காரணம் இருக்கிறது. இரண்டு நாட்களுக்கு மேல் நீர்த்த இரத்தத்தில் இருந்த மூளை, அதற்கேற்பத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. அப்போது சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளை நரம்புகளின் உறை சிதைந்து, பேச்சும் கை கால் அசைவும் போய்விடக் கூடும். 1959-லேயே டாக்டர்கள் இந்தச் சிதைவை விவரித்து எழுதியிருக்கிறார்கள்; வேகமாக ஏற்றுவதால் அது வருகிறது என்பது பிறகு தெரிந்தது. அதனால்தான் 24 மணி நேரத்தில் 8 அல்லது 10 மில்லிமோலுக்கு மேல் ஏறாதபடி காவல் காக்கிறார்கள். அடிக்கடி இரத்தம் எடுப்பதும் அதற்குத்தான்.

சிலர் வலிப்பு எதுவும் இல்லாமல், குறைந்த சோடியத்தோடு பல மாதம் நடமாடிக்கொண்டிருப்பார்கள். அவர்களையும் அலட்சியப்படுத்தக் கூடாது. நடையில் இலேசான தள்ளாட்டம் இருக்கும். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு, “அப்போதே பார்த்திருக்கலாமே” என்று வருந்திப் பயனில்லை.

ஆகவே, வாசகர்களே, அடுத்த முறை “உப்பு குறைந்துவிட்டது” என்று யாராவது சொன்னால், உப்புச் சாடியை எடுக்குமுன் டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ‘உப்பு உண்மையாகவே குறைந்ததா, தண்ணீர் கூடியதா?’ ‘ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் கொடுக்கலாம்?’ ‘இதற்கு அடியில் என்ன நோய் இருக்கிறது?’ இருதய நோயும் பிரஷரும் உள்ளவர்களுக்கு நாமாக உப்பைக் கூட்டிக் கொடுப்பது தனி ஆபத்து என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரத்தச் சோதனைத் தாளில் இருப்பது ஓர் எண் மட்டுமே. அந்த எண் ஏன் இறங்கியது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பெரியவருக்கு அடுத்த குவளைத் தண்ணீரை நீட்டுங்கள்.